கிராம சபையில் தண்ணீர் கேட்டால் தேசத்துரோகமா?

கேள்வி:

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். சொந்த ஊரிலேயே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஏழு வயதில் மகன் இருக்கிறான். ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி முடிந்ததும் கிராம சபை நடந்தது. எங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர் நாலைந்து நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது. மற்ற நாளெல்லாம் போர் தண்ணீரைத்தான் டேங்கில் ஏற்றிவிடுகிறார்கள். என் மகனுக்குப் புதிதாக முளைத்த முன்பல்லிலேயே பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. அதைக் கேட்டேன். "பார்க்கலாம்" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். கோபத்தில், "சுதந்திரம் வந்து இத்தனை வருஷம் ஆச்சு, குடிக்கத் தண்ணி இல்ல, கொடி மட்டும் எதுக்கு" என்று சொல்லிவிட்டேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, "இந்த நாள்ல நாட்டைக் குறை சொல்றவளுக்கு நாட்டுப்பற்றே கிடையாது" என்றார். யாரோ வீடியோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "தேசத்துரோகி" என்று எழுதிவிட்டார்கள். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். போலீஸ் வேலைக்குப் படிக்கும் என் தம்பியிடம், "உங்கக்கா மேல கேஸ் வந்தா உனக்கு வெரிஃபிகேஷன்ல அடிபட்டுடும்" என்கிறார்கள். என் மேல் கேஸ் போட முடியுமா? நான் கேட்டது தப்பா? இனிமேல் நாட்டுப்பற்று என்ற பேச்சே எனக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

பயத்தை முதலில் போக்கிவிடுகிறேன், மற்றதை அப்புறம் நிதானமாகப் பேசலாம். நீங்கள் தண்ணீர் கேட்டதற்காகவோ, அரசாங்கத்தைக் குறை சொன்னதற்காகவோ தேசத்துரோக வழக்கு எதுவும் நிற்காது. வழக்கறிஞராக இதை உறுதியாகவே சொல்கிறேன்.

ஊரில் தேசத்துரோக வழக்கு என்று சொல்வது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவை. 1870-ல் வெள்ளைக்கார அரசாங்கம் கொண்டுவந்த பிரிவு அது. அரசாங்கத்தின் மேல் வெறுப்பையோ அவமதிப்பையோ உண்டாக்கினால் குற்றம் என்றது. சுதந்திரத்துக்கு அப்புறமும் அது சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1962-ல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அதற்கு எல்லை கட்டினார்கள். வன்முறையைத் தூண்டினால், பொது அமைதியைக் குலைக்கும் நோக்கம் இருந்தால்தான் இந்தப் பிரிவு. அரசின் நடவடிக்கைகளை எவ்வளவு காட்டமாக விமர்சித்தாலும் அது மட்டும் குற்றமாகாது. 1995-ல் பல்வந்த் சிங் வழக்கு வந்தது. இந்திரா காந்தி கொல்லப்பட்ட அன்று நாட்டைப் பிரிக்கக் கேட்டுக் கோஷம் போட்டவர்கள் மேல் போட்ட வழக்கு. வெறும் கோஷம், அதனால் யாரும் கிளம்பவில்லை, எதுவும் நடக்கவில்லை என்று பார்த்து அவர்களையே விடுவித்தார்கள். 2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 124-ஏ பிரிவையே நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது.

புதிய சட்டத்தில் 152 என்று ஒரு பிரிவு இருக்கிறது. பிரிவினை, ஆயுதக் கிளர்ச்சி, நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஆபத்து விளைவிப்பது ஆகியவற்றைப் பற்றியது. தண்டனை கடுமையானது, ஆயுள் வரை போகலாம். அந்தப் பிரிவின் வாசகம் அகலமாக இருக்கிறது, தவறாகப் பயன்படுத்த இடம் தரும் என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் அதே பிரிவின் கீழே ஒரு விளக்கம் இருக்கிறது. அரசின் நடவடிக்கையைச் சட்டப்படி மாற்ற வேண்டும் என்பதற்காக அதிருப்தி தெரிவிப்பது குற்றமாகாது என்கிறது அது. கிராம சபையில் எழுந்து நின்று தண்ணீர் கேட்பதைவிடச் சட்டப்படியான வழி வேறென்ன இருக்கிறது?

கொடியைப் பற்றி நீங்கள் சொன்ன வார்த்தைக்கு வேறு சட்டம். 1971-ன் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம். கொடியை எரிப்பது, கிழிப்பது, மிதிப்பது மட்டுமில்லை, பொது இடத்தில் வார்த்தையால் அவமதிப்பதும் அதில் வருகிறது. அதிகபட்சம் மூன்று ஆண்டு. உங்கள் வாக்கியத்தை முழுதாகக் கேட்கிற யாருக்கும் அது தண்ணீரைப் பற்றிய கோபம், கொடியைப் பற்றியது இல்லை என்பது விளங்கும். அவமதிக்கும் எண்ணம் அதில் இல்லை. இருந்தாலும் அந்த ஒரு வரியைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது, கீழே வருகிறேன்.

தம்பியைப் படிக்கச் சொல்லுங்கள். காவலர் பணிக்கான சரிபார்ப்பில் பார்ப்பது அவன் மேல் வழக்கு இருக்கிறதா, அவன் நடத்தை எப்படி என்பதை. அக்கா கிராம சபையில் என்ன பேசினாள் என்பதற்கு அங்கே இடமில்லை. ஒருவேளை யாராவது புகார் கொடுத்து, போலீஸ் விசாரிக்க வேண்டும் என்று கூப்பிட்டால் பதற வேண்டாம். விசாரணைக்கு என்று ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடம் தவிர வேறெங்கும் வரச்சொல்லக் கூடாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு சொல்கிறது. வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சட்டம் போதும். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது கடைசி வரிதான். இனிமேல் நாட்டுப்பற்று என்ற பேச்சே வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். அது உங்களுடையது. அதிலும் பென்னாகரம் வட்டத்துக்காரரான உங்களுக்கு அதில் கூடுதல் பாத்தியம் உண்டு.

பாப்பாரப்பட்டிக்குப் போயிருப்பீர்கள். அங்கே சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. 1884-ல் வத்தலக்குண்டில் பிறந்தவர், 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் இறந்தார். 1908-ல் தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு மேடையேறிப் பேசியதற்காக இரண்டு பேரையும் பிடித்தார்கள். திருநெல்வேலியில் பின்ஹே என்ற நீதிபதி வழக்கை விசாரித்து, அந்த ஆண்டு ஜூலை 7 அன்று வ.உ.சி.க்கு நாற்பது ஆண்டு, சிவாவுக்குப் பத்து ஆண்டு நாடுகடத்தல் என்று தீர்ப்புச் சொன்னார். அப்பீலில் தண்டனை குறைந்தது. எந்தப் பிரிவில் தெரியுமா? அதே 124-ஏ. உங்கள் ஊர் வாட்ஸ்அப்பில் உங்களுக்கு வைத்த பேர், அன்றைய சர்க்கார் சிவாவுக்கு வைத்த பேர்தான்.

சிறையில் அவருக்குத் தொழுநோய் வந்தது. 1912-ல் வெளியே வந்தவரை, தொற்றுநோய்க்காரர் என்று சொல்லி ரயிலில் ஏறவிடாமல் தடுத்தார்கள். வெந்த புண்ணோடு நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கடைசியில் பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்று 1923-ல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸை அழைத்துவந்து அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புவதற்குள் போய்விட்டார். அந்த மனுஷனுக்கு நாட்டின் மேல் இருந்த பற்றை யாரும் அளந்து சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருந்தும் அவர் காலத்து மரியாதைக்காரர்கள் பலருக்கு அவர் ஒரு ராஜதுரோகி.

அந்தக் காலத்தில் இரண்டு சொல் புழக்கத்தில் இருந்தது. ராஜபக்தி, தேசபக்தி. சர்க்காருக்கு அடங்கி நடப்பது, அதிகாரி சொன்னதற்கு எதிர்ப்பேச்சு பேசாமல் இருப்பது ராஜபக்தி. சர்க்கார் வேறு, நாடு வேறு, என் பாசம் நாட்டின் மேல்தான் என்று சொன்னவர்கள் தேசபக்தர்கள். இந்த வித்தியாசத்தை நிலைநாட்டத்தான் சிவா தன் உடம்பையே தேய்த்துக்கொண்டார். 1922 மார்ச்சில் ஆமதாபாத்தில் அதே 124-ஏ பிரிவில் நின்ற காந்தி நீதிபதியிடம் சொன்னதும் இதைத்தான். அரசின் மேல் அன்பு வை என்று சட்டம் போட்டு அன்பை உண்டாக்க முடியாது என்றார். ஆறு ஆண்டு தண்டனையை ஏற்றுக்கொண்டார்.

இப்போது உங்கள் கிராம சபைக்கு வாருங்கள். நீங்கள் குறை சொன்னது எதை? நாலைந்து நாளைக்கு ஒரு தடவை வால்வைத் திறப்பதை. போர் தண்ணீரை டேங்கில் ஏற்றுவதை. "பார்க்கலாம்" என்று நகர்ந்துபோனதை. இதில் எது நாடு? எதுவுமே இல்லை. இது நிர்வாகம். நிர்வாகத்தைக் கேள்வி கேட்டதும் நாட்டுக்குக் காயம் பட்டுவிட்டது என்று ஒருவர் எழுந்தால், அவர் உங்களிடம் கேட்பது பழைய ராஜபக்தியை. பேர் மட்டும் தேசபக்தி என்று மாறியிருக்கிறது. அந்தப் பெரியவர் கெட்ட எண்ணத்தில் பேசினார் என்று நான் சொல்லவில்லை. நல்ல நாளில் சபையில் சண்டை வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். ஆனால் அதற்கு அவர் கையில் எடுத்த சொல் பெரியது, எடுத்த காரியம் சின்னது.

அதுவும் எந்த நாளில்? நம் மாநிலத்தில் கிராம சபை கூட்டும் நாட்களைப் பாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குடியரசு நாள், தண்ணீர் நாள், உழைப்பாளர் நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சி நாள். 73-வது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தபோது கிராம சபைக்கு அரசியலமைப்பிலேயே இடம் கிடைத்தது, 243-ஏ பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கும் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். அதாவது ஆகஸ்ட் 15 அன்று நீங்கள் அந்தச் சபையில் வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை, அதன் உறுப்பினர். காலையில் கொடியேற்றிவிட்டு உட்கார்ந்து கணக்குக் கேளுங்கள், குறை சொல்லுங்கள் என்று அரசே தேர்ந்தெடுத்துக் கொடுத்த நாள் அது. சுதந்திர நாளில் கேட்கக் கூடாது என்பது தலைகீழ்.

அரசியலமைப்பில் குடிமக்களின் கடமைகள் என்று 51-ஏ பிரிவு இருக்கிறது. 1976-ல் 42-வது திருத்தத்தில் சேர்த்தது. கொடியையும் தேசிய கீதத்தையும் மதிப்பது முதல் கடமை. எல்லாரும் அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். கீழே படித்துக்கொண்டே போனால், காடு, ஏரி, ஆறுகளைக் காப்பது ஒரு கடமை. பொதுச் சொத்தைக் காப்பது ஒரு கடமை. அறிவியல் மனப்பான்மையையும், கேள்வி கேட்டுச் சீர்திருத்தும் மனதையும் வளர்த்துக்கொள்வது ஒரு கடமை. கேள்வி கேட்பது உரிமை என்று நாம் பேசுகிறோம், அரசியலமைப்பு அதைக் கடமையில் எழுதிவைத்திருக்கிறது.

ஆகவே நாட்டுப்பற்று என்றால் என்ன என்று நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எனக்கு முகம் தெரியாத ஒருவனுக்கும் இந்த நாட்டில் நல்லது நடக்க வேண்டும் என்ற அக்கறை, அதற்கு நானும் பொறுப்பு என்ற எண்ணம். எல்லையில் பனியில் நிற்கிற சிப்பாய்க்கு அது இருக்கிறது. ஒழுங்காக வரி கட்டுகிற கடைக்காரருக்கு இருக்கிறது. உங்கள் மகன் பல்லைப் பார்த்துவிட்டு, தெருவிலிருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் எழுந்து நின்ற உங்களுக்கும் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நீங்கள் இருக்கவில்லை.

இந்தச் சொல்லை யாராவது பயன்படுத்தும்போது நான் ஒன்றைக் கவனிப்பேன். சொல்கிறவர் அதை வைத்துத் தன்னிடம் ஏதாவது கேட்டுக்கொள்கிறாரா, அல்லது அடுத்தவர் வாயை அடைக்கிறாரா? முதலாவது வகையில் வரும்போது அந்தச் சொல் எவ்வளவு பெரிதோ, இரண்டாவது வகையில் வரும்போது அவ்வளவு ஆபத்து. இதில் கட்சி வித்தியாசமே கிடையாது. மொழிப்பற்று, மண்பற்று, இனப்பற்று என்று எந்தப் பற்றும் இந்த வேலைக்கு இழுபடும். 2008-ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்குக் கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது உங்களுக்கு நினைவிருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மண்ணின் பேரில் முழக்கம். பல்லில் கறை விழவைக்கும் ஃபுளூரைடு தண்ணீர் குடிக்கும் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு அந்தச் சத்தத்தில் கொஞ்சம்தான் கேட்டது.

பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராஜாஜி 1878-ல் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர். 1930-ல் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர். 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்தை ஒப்புக்கொள்ளவில்லை, முஸ்லிம் லீக்கோடு பேசி உடன்பாட்டுக்கு வர வேண்டும் என்றார். சொந்தக் கட்சிக்காரர்களே துரோகி என்றார்கள். காங்கிரஸிலிருந்து விலகினார். ஆறு வருஷம் கழித்து, 1948 ஜூன் 21 அன்று, அதே மனிதர் சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்றார். 1942-ல் அவர் எடுத்த நிலை சரியா என்று இன்றைக்கும் வாதாடலாம். ஆனால் அந்த ஆண்டு அவருக்கு நாட்டுப்பற்று காணாமல்போய், 1948-ல் திரும்ப வந்துவிடவில்லை. கருத்து வேறுபட்டதற்கு ஊர் கொடுத்த பேர் அது, அவ்வளவுதான். சிவாவும் ராஜாஜியும் குணத்திலும் வழியிலும் ஒருவருக்கொருவர் எவ்வளவு தூரம்! இந்த மண் இரண்டு பேரையும் சொந்தம் கொண்டாடுகிறது.

தேசிய கீதம் பாடாத பிள்ளைகள் விஷயத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் இது அடிக்கடி வரும். 1985-ல் கேரளத்தில் ஒரு பள்ளியில் ஒரே வீட்டைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நிற்பார்கள், தங்கள் மத நம்பிக்கை காரணமாகப் பாட மாட்டார்கள். 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நம் மரபும் தத்துவமும் அரசியலமைப்பும் சகிப்புத்தன்மையைத்தான் சொல்கின்றன, அதை நீர்த்துப்போக விடாதீர்கள் என்று எழுதியது. ஒருவரின் உதடு அசைகிறதா என்று பார்த்துப் பற்றை அளக்காதே என்பதற்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு எனக்குத் தெரியாது.

இனி அந்த ஒரு வரி. "கொடி மட்டும் எதுக்கு" என்றீர்கள். சட்டப்படி பயமில்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்த வரி உங்கள் கேள்வியைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. தண்ணீரைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கொடியைப் பற்றிப் பேச அதுதான் வழி விட்டது. அதைவிட முக்கியம், அது உங்கள் பெரியப்பாவைக் குத்தியிருக்கிறது. அவர் கூட வேலை பார்த்தவர்கள் யாராவது அந்தக் கொடி போர்த்திய பெட்டியில் ஊர் திரும்பியிருப்பார்கள். பட்டாளத்தில் இருந்த ஒருவருக்குக் கொடி ஒரு துணி இல்லை. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

நேரில் போய்ப் பாருங்கள். நான் மேலே எழுதிய வழக்குகளை எல்லாம் அவரிடம் ஒப்பிக்க வேண்டாம். "பெரியப்பா, கொடியைப் பத்திச் சொன்னது கோவத்துல வாய் தவறி வந்தது, அது தப்பு. தண்ணியைப் பத்திக் கேட்டது தப்பில்ல" என்று இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். ஒன்றுக்காக மன்னிப்புக் கேட்கும்போது மற்றதையும் சேர்த்துக் கேட்டுவிடாதீர்கள், பெண்பிள்ளைகளிடம் ஊர் எதிர்பார்ப்பது அதைத்தான். அப்புறம் பையனைக் கூட்டிப்போய் அவன் பல்லைக் காட்டுங்கள். அவருக்கும் முட்டி வலி இருந்தால், அது வயசு மட்டும்தானா என்று அவரே யோசிக்கட்டும். அடுத்த கிராம சபைக்கு அவர் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், அதற்கப்புறம் அந்த ஊரில் யாரும் உங்களைத் தேசத்துரோகி என்று சொல்ல மாட்டார்கள்.

பல் விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தர்மபுரி கோர்ட்டில் சாட்சி சொல்ல வரும் சின்னப் பெண்கள் சிலர் கையால் வாயை மூடிக்கொண்டே பதில் சொல்வார்கள். "கையை எடுத்துட்டுப் பேசும்மா" என்று நீதிபதி சொல்ல வேண்டியிருக்கும். எடுப்பார்கள், அடுத்த கேள்விக்கு மறுபடியும் கை தானாக மேலே போகும். பயத்தில் இல்லை, பல் தெரியக் கூடாது என்று. நம் மாவட்டத்துப் பாறையில் இருக்கும் ஃபுளூரைடு ஆழத்துப் போர் தண்ணீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம், வேறு நீராதாரமே இல்லை என்றால் 1.5 வரை. அதற்கு மேலே போனால் பல் உருவாகிற வயதில்தான் பிள்ளைகளுக்குப் பாதிப்பு. விழுந்த கறை தானாகப் போகாது. பல வருஷம் குடித்தால் எலும்பு, மூட்டு என்று இறங்கும். தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளூரைடு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற அன்று குடிக்கவும் சமைக்கவும் தனியாகப் பிடித்து மூடிவையுங்கள், போர் தண்ணீரைத் துவைக்கவும் குளிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு இன்னும் முளைக்க வேண்டிய பற்கள் இருக்கின்றன.

சுமார் 1,929 கோடி ரூபாயில், ஜப்பான் கடனுதவியோடு அந்த ஒகேனக்கல் திட்டம் முடிந்து 2013 மே 29 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ஒகேனக்கல் குடிநீர் வழங்கல் மற்றும் ஃபுளூரோசிஸ் தணிப்புத் திட்டம் என்பதே அதன் பேர். ஃபுளூரைடால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் பாதிப்புதான் ஃபுளூரோசிஸ். நல்ல திட்டம், தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ குடும்பங்களுக்குப் பயன்பட்டிருக்கிறது. அதனால்தான் கேட்கிறோம். ஃபுளூரைடைக் குறைக்கவே கொண்டுவந்த தண்ணீரில் போர் தண்ணீரைக் கலந்துவிட்டால், செலவழித்ததற்கு என்ன அர்த்தம்?

அடுத்த தடவை இப்படிக் கேளுங்கள். அதற்கு முன்னால் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டி வைத்துத் தண்ணீர் பார்க்கப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. உங்கள் ஊரில் அவர்கள் யார் என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து சேர்த்தால் நிறம் மாறும், அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சந்தேகமாக இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து எழுத்தில் முடிவு வாங்குங்கள். ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் ஒரு பாட்டில், போர் தண்ணீர் வரும் நாளில் ஒரு பாட்டில், இரண்டும் வேண்டும்.

கூடவே வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். உங்கள் ஊராட்சிக்கு ஒரு நாளைக்கு ஒதுக்கிய ஒகேனக்கல் தண்ணீர் எத்தனை லிட்டர், கடந்த ஆறு மாதத்தில் வந்தது எவ்வளவு, மேல்நிலைத் தொட்டியில் எந்தெந்தப் போர் தண்ணீர் ஏறுகிறது, கடைசியாக ஃபுளூரைடு சோதனை செய்த தேதியும் அளவும் என்ன. இவ்வளவுதான் கேட்க வேண்டும். "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள், அந்தச் சட்டத்தில் காரணம் வாங்க முடியாது, பதிவேட்டில் இருப்பதைத்தான் வாங்கலாம். இந்தத் தாள்களோடு கிராம சபைக்குப் போய், குடிக்கும் தொட்டியில் போர் தண்ணீர் கலக்கக் கூடாது என்று தீர்மானமாகவே கொண்டுவாருங்கள். வாயால் சொன்னதோடு விடாமல், தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகலை இணைத்துத் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேறலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், இருங்கள். யாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். வீடியோவையும் அந்த மெசேஜ்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவதூறு வழக்குக்கு இப்போது போக நான் சொல்ல மாட்டேன், ஒரே ஊர்க்காரர்கள், தண்ணீர்ப் பிரச்சினை பின்னால் போய்விடும். யாராவது மிரட்டினால் மட்டும் அந்த ஸ்கிரீன்ஷாட் பயன்படும். சோதனை முடிவு வந்ததும் அதையே அந்தக் குரூப்பில் போடுங்கள், உங்களைத் திட்டியவர்கள் வீட்டிலும் அதே தொட்டித் தண்ணீர்தானே.

தகவல் மனுவுக்கு 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். மனு அனுப்பிய பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். மேல்முறையீடு வரை போனால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அதை நானே எழுதித் தருகிறேன்.